சாவு நடந்த வீட்டை வாங்கலாமா? இராமநாதபுரம் கரையில் வீடு தேடுவோர் கேட்கும் கேள்விகள்

தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, பாம்பன் பாலத்துக்கு அப்பால் தங்கச்சிமடம் என்று இந்தக் கரையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். விலை பேசி முடிந்து, முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள் இரவுதான் பெரும்பாலும் அந்தத் தொலைபேசி வரும். "அண்ணே, அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறதாமே?" கேள்விகள் ஊர்தோறும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் குடியிருக்கும் வீட்டிலும், எனக்கு விற்றவரின் தாயார் இறந்திருக்கிறார். ஆகவே நான் நடுநிலையானவன் அல்லன்.

ஒருவர் இறந்த வீட்டை வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய வீடு என்றால் அதில் யாரும் இறக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளைப்பேறும் வீட்டில், சாவும் வீட்டில் என்றுதான் நம் பெரியவர்கள் வாழ்ந்தார்கள். இன்றைக்கும் மதுரையில் மருத்துவர் கையை விரித்துவிட்டால், மூச்சு இருக்கும்போதே ஆம்புலன்சில் ஏற்றி, "நடுவீட்டில் உயிர் போகட்டும்" என்று ஊருக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அப்படி ஆசைப்பட்டு வந்து கண்ணை மூடிய இடத்தைக் கண்டு அடுத்தவர் அஞ்சுவது எனக்கு விளங்குவதில்லை.

ஆனால் எல்லாச் சாவும் ஒன்றல்ல. வீட்டில் ஒருவர் இறந்தாரா, வீடே ஒருவரைக் கொன்றதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இறந்தவர் பத்திரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். நான் பார்த்த வரையில் வாங்கியவரைத் தூங்கவிடாமல் அடித்தது இந்தக் கடைசி வகைதான்.

இறப்பு நடந்ததை விற்பவர் தானாகவே சொல்லியாக வேண்டுமா?

இறப்பைச் சொல்லியே தீர வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இருக்கிறது. சொத்திலோ உரிமையிலோ விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. பாட்டி இறந்தது வீட்டின் குறை என்று யாரும் வாதாடி வெல்வது கடினம். ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு, தனக்குத் தெரிந்தவரை விற்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

எனவே கேளுங்கள். வாயால் கேட்டதோடு விடாமல் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்புங்கள்: "இந்த வீட்டில் இயற்கைக்கு மாறான இறப்பு ஏதும் நடந்திருக்கிறதா?" பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். கேட்காமல் விட்டவர் பின்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவதற்கும், கேட்டுப் பொய்ப்பதில் வாங்கியவர் நீதிமன்றத்தில் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட இறப்பைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஜப்பான் அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி முதுமையாலோ நோயாலோ நேர்ந்த இயற்கை இறப்பைப் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவரும் தரகரும் மழுப்புகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

தரகரிடம் கேட்டு என்ன பயன்? தெருமுனை டீக்கடையில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்களைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இருந்தால் பெயர், வயது, நாள், உறவினர் பட்டியல் வரை அதிலேயே கிடைக்கும். அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றில் விடுபட்ட ஒரு மகளை நான் ஒருமுறை சுவரொட்டியிலிருந்துதான் கண்டுபிடித்தேன்.

எழுபது வயதுக்கு மேல் நோயில் படுத்து இறந்தார். ஏதும் பார்க்க வேண்டுமா?

வீட்டைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. காசநோய், கொரோனா என்று பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். கிருமி சுவருக்குள் குடியிருந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. சன்னல்களைத் திறந்து வெயிலையும் காற்றையும் விட்டு, கழுவி, வெள்ளையடித்தால் போதும்.

தனியாக இருந்தவர் இறந்து சில நாள் கழித்துத் தெரியவந்த வீடு என்றால் மட்டும் தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரை ஈரத்தை உறிஞ்சும். கழுவியும் வாடை போகவில்லை என்றால் அந்த இடத்தின் தரையை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதை விற்பவர் செலவில் செய்யச் சொல்லுங்கள்.

தற்கொலை அல்லது கொலை நடந்த வீடு என்றால்?

இங்கே நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் காவல் நிலையத்துக் காகிதத்தை முதலில் பாருங்கள். இயற்கைக்கு மாறான இறப்பு என்றால் வழக்குப் பதிவாகியிருக்கும், விசாரணை நடந்திருக்கும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் அப்படி இறந்திருந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகல், வழக்கு முடித்துவைக்கப்பட்டதற்கான ஆவணம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது" என்ற பேச்சைப் பத்திரத்தோடு இணைக்க முடியாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஒருவரைக் கொலை செய்தவரோ அதற்கு உடந்தையாக இருந்தவரோ கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. மனைவி இறந்த வழக்கில் கணவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், அவரே மனைவி பெயரில் உள்ள வீட்டையும் விற்கிறார் என்றால் அந்த விற்பனையைத் தொடாதீர்கள். பேய் இருக்கிறதோ இல்லையோ, அந்த வீட்டில் வழக்கு இருக்கிறது.

வழக்கு முடிந்து, உரிமையும் தெளிவாக இருந்தால் மிச்சம் உங்கள் மனம்தான். அதில் நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. "இது மூடநம்பிக்கை" என்று மனைவியிடம் வாதாடி வென்று வீடு வாங்கிய ஒருவர், ஒன்றரை ஆண்டில் அதே வீட்டை விற்க என்னிடமே வந்தார். வாதத்தில் வென்ற பிறகு அந்த அம்மா ஒரு நாளும் மாலை ஆறு மணிக்கு மேல் பின்கட்டுக்குப் போகவில்லையாம். வீட்டில் பாதியைப் புழங்காமல் போட்டுவிட்டு முழு விலை கொடுப்பது என்ன கணக்கு?

வீடே கொன்றது என்று சொன்னீர்களே, அது என்ன?

கடலோர வீட்டில் நான் உண்மையாகவே அஞ்சுவது இதற்குத்தான். மின்சாரம் தாக்கி இறந்தார், சுவர் விழுந்து இறந்தார், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தார் என்றால் இறந்தவர் போய்விட்டார். கொன்ற காரணம் இன்னும் அங்கேயே நிற்கிறது. பேச்சு முழுவதும் இறந்தவரின் ஆவியைப் பற்றியே இருக்கும். எர்த் கம்பியைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்.

உப்புக் காற்றில் இரும்பு நிலைப்பதில்லை. எர்த் குழியில் இறங்கும் கம்பி மண்ணுக்குள்ளேயே அரித்து அறுந்து கிடக்கும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். தண்ணீர் மோட்டாரின் உடலில் மின்சாரம் கசிந்தால் போக வழியில்லாமல், அதைத் தொடுபவரின் மேல் பாயும். வாங்குவதற்கு முன் ஒரு மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஆகும் பூச்செலவில் அது முடிந்துவிடும்.

அடுத்தது கூரை. கடல் மணலைக் கலந்து போட்ட கான்கிரீட்டில் உப்பு இருக்கும். அந்த உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். தளத்தின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்காமல் பொத்தென்று கேட்கும் இடத்தில் காரை பிரிந்துவிட்டது என்று பொருள். கம்பியின் நீளத்துக்கே கோடு போட்டதுபோல் விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால், புதுப் பூச்சுப் பூசி மறைத்திருந்தாலும், தளத்தின் ஆயுள் எண்ணப்படுகிறது. புது வெள்ளை அடித்த வீட்டை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் கீழக்கரையிலும் பாம்பன் பக்கமும் இன்னும் இருக்கின்றன. அவை குளிர்ச்சியானவை, ஒழுங்காகப் பேணியவை நல்ல வீடுகள். மேலே சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்தால்தான் தொல்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளே சுவர் நைந்துவிடும். பவளக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது இன்று குற்றம் என்பதால், இடிந்த இடத்துக்கு அதே கல் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் கடைசி. மூடிக் கிடந்த தொட்டிக்குள் நச்சு வாயு சேர்ந்திருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் மேலே வராத சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வண்டி வந்து குழாய் போட்டு உறிஞ்ச வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இறந்த நட்சத்திரத்துக்கு அடைப்பு என்கிறார்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

பஞ்சாங்கத்தில் தனிஷ்டா பஞ்சமி என்று போட்டிருக்கும். அவிட்டத்திலிருந்து ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் ஆறு மாதம், ரோகிணிக்கு நான்கு, கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று, மிருகசீரிடம், புனர்பூசம், சித்திரை, விசாகம், உத்திராடம் ஆகியவற்றுக்கு இரண்டு மாதம் என்று வழக்கம். உயிர் பிரிந்த அறையை அதுவரை அடைத்து, மாலையில் விளக்கேற்றி வருவார்கள். இதுதான் அடைப்பு.

இதைக் கேட்டு மிரள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அடைப்பு என்று சொன்ன அதே பஞ்சாங்கம் திறப்பு நாளையும் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் எந்த நட்சத்திரத்துக்கும் இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அந்த ஆறு மாதமும் எப்படியும் ஓடிவிடும்.

பத்திரத்தில் உயிரோடு இருப்பவர் என்றால் யார்?

பத்திரம் அப்பா பெயரில் இருக்கும். அப்பா இறந்து எட்டு ஆண்டு ஆகியிருக்கும். வீட்டில் குடியிருக்கும் மூத்த மகன் "நான்தான் எல்லாம்" என்று விலை பேசுவார். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் இறப்பு அதில் பதிவாவதில்லை.

இந்து ஆண் ஒருவர் தானாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லாருக்கும் சம பங்கு. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது கணக்கில் வராது. பெரும்பாலும் விடுபடுபவர் தாய். மகனுக்கு முன் தாய் போய்விடுவார் என்று நினைத்தே எல்லாரும் பழகிவிட்டதால், மகனைப் பறிகொடுத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அந்த வீட்டில் ஒரு பங்கு இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய், தந்தை உயிரோடு இருந்தால் ஆளுக்கு ஆறில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. உயில் எழுதினாலும், மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக.

கீழக்கரையில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அந்த வீட்டில் ஒரு பெரியவர் இறந்தார் என்றதும் அவருடைய வாரிசுகளைத் தேடி ஓடுவார்கள். வீடு அவருடையதாகவே இருந்திருக்காது. மகள் பெயரிலோ மனைவி பெயரிலோ எப்போதோ எழுதியாகியிருக்கும். யார் இறந்தார் என்பதைவிட யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இறந்தவர் கடைசிக் காலத்தில் பள்ளிவாசலுக்கு வக்ஃபாகவோ கோயிலுக்கோ எழுதிவைத்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் உள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து விற்பவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இருந்தால், அதன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். தாய் மட்டும் கையெழுத்திட்டு விற்றால், பிள்ளை வயதுக்கு வந்த பின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்துச் செய்யலாம்.

துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் மகன்கள், தங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரமான பவரை அனுப்புவார்கள். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் அவரோடு போய்விடும். இறந்த தந்தை கொடுத்த பழைய பவரை நீட்டிக்கொண்டு பதிவுக்கு வந்து நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். ஏமாற்ற வரவில்லை பாவம், உண்மையாகவே தெரியாது.

வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மனைவி விற்கிறார். வாங்கலாமா?

இந்தக் கேள்வி மதுரையில் வராது. எங்கள் கரையில் வரும். உடல் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்று கிடைப்பது பெரும்பாடு. சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை. ஏழு ஆண்டுகளாக, அவரைப் பற்றித் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்ததாகச் சாட்சியச் சட்டப்படி கொள்ளலாம். அதற்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஆணை பெற வேண்டும்.

தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்திருப்பார்கள். தேவாலயத்தில் பூசை வைத்திருப்பார்கள். ஊரே அவரை இறந்தவராக ஏற்றுக்கொண்டிருக்கும். பதிவு அலுவலகம் ஏற்காது. சில குடும்பங்களில் எதுவுமே செய்திருக்க மாட்டார்கள். தாலியோடுதான் அந்த அம்மா விலை பேச வருவார். அவரிடம் "கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுங்கள்" என்று கேட்டு ஒரு தாளை நீட்டாதீர்கள். அது சட்டத்துக்கும் உதவாது, மனிதத்தன்மையும் இல்லை. பணம் அவசரம் என்றால் நீதிமன்ற ஆணை வரும்வரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்ததும் உங்களுக்கே விற்பதாக ஓர் ஏற்பாடு செய்யலாம். இரண்டு வீடுகள் இப்படி என் வழியாகக் கைமாறியிருக்கின்றன.

சாவு நடந்த வீடு என்று சொல்லி விலையைக் குறைக்கலாமா?

முதுமைச் சாவுக்குக் குறைக்கக் கேட்டால் சிரிப்பார்கள். கடுமையான சாவு என்றால், நீங்கள் கேட்காவிட்டாலும் விலை இறங்கியிருக்கும். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே இறக்கம் உங்களுக்கும் உண்டு. பேரத்தைத் தரகர் வழியாகப் பேசுங்கள். மகனை இழந்த வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "தூக்கு மாட்டிய வீட்டுக்கு இந்த விலையா?" என்று கேட்ட ஒருவருக்கு அந்தத் தாய் காபி கொடுத்துவிட்டு, வீட்டை அவருக்கு மட்டும் விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

அரசு மட்டும் சாவுக்குத் தள்ளுபடி தருவதில்லை. எவ்வளவு மலிவாக வாங்கினாலும், அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். வாங்கிய விலை வழிகாட்டி மதிப்பைவிட மிகவும் குறைந்தால், அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரியும் வரலாம். தணிக்கையாளர் ஒருவரைப் பார்த்துவிட்டு விலையை எழுதுங்கள்.

விற்பவர்கள் வீட்டுக்குள் கன்னி கும்பிடுகிறார்கள். தோட்டத்தில் ஒரு சமாதியும் இருக்கிறது. என்ன செய்வது?

மணமாகாமல் இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி, ஒரு பெட்டியில் சேலையும் வளையலும் வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்துப் பழக்கம். அவள் அந்தக் குடும்பத்துப் பெண், குடும்பத்தோடு போவாள். பெட்டியை எடுத்துப் போகும் நாளைக் குறித்துவிட்டுச் சாவி வாங்குங்கள். எடுக்காமல் விட்டுப் போனால் பிறகு நீங்களும் தூக்கிப்போடத் துணிய மாட்டீர்கள், அவர்களும் வர மாட்டார்கள்.

சமாதி வேறு. அது மண்ணோடு இருப்பது. ஆண்டுதோறும் அவர்கள் வந்து போக வழி கேட்பார்கள். முடிந்தால் அந்தத் துண்டு நிலத்தையும் அதற்குரிய பாதையையும் தனியே அளந்து அவர்கள் பெயரிலேயே விட்டுவிட்டு மீதியை வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட இடத்தில் பத்தாண்டு கழித்துப் பந்தல் எழும்பியதைக் கண்டிருக்கிறேன்.

குடிபோகும் முன் என்ன சடங்கு செய்ய வேண்டும்?

உங்கள் வழக்கம் எதுவோ அது. கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சுகிறவர்கள் உண்டு, யாசீன் ஓதுகிறவர்கள் உண்டு, பங்குத்தந்தையை அழைத்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறவர்கள் உண்டு. மூன்றும் பாதியாய்க் கலந்து செய்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

எரிச்சல் தருவது வேறு. "ஆத்மா சாந்தி அடையவில்லை, இராமேஸ்வரத்தில் தில ஹோமம் செய்தால்தான் வீடு தங்கும்" என்று வாங்குபவரிடம் ஒரு பெரிய தொகையைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கடமை இறந்தவரின் பிள்ளைகளுக்கு உரியது. நாடெங்கிலுமிருந்து தங்கள் முன்னோருக்காக அக்கினி தீர்த்தத்துக்கு வருகிறார்கள். அடுத்த வீட்டுக்காரரின் முன்னோருக்காக யாரும் வருவதில்லை.

இரவில் சத்தம் கேட்கிறது என்று அம்மா சொல்கிறார்.

சத்தம் உண்மையாகவே கேட்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் காய்ந்த பனையோலை ஒன்றோடொன்று உரசுவது, இழுத்து இழுத்து நடக்கும் காலடிபோலவே இருக்கும். பகலில் சுட்ட தகரக் கூரை இரவில் குளிர்ந்து சுருங்கும்போது படார் என்று வெடிக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் சன்னல் இடுக்கு ஊளையிடும். முன்பணம் கொடுக்கும் முன் இருட்டிய பிறகு ஒரு முறை போய் அரை மணி நேரம் அம்மாவையும் அங்கே உட்கார வையுங்கள். எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் பாதி பயம் போகும்.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை என்றால் வீட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தனுஷ்கோடிப் பக்கம் மலிவாக இடம் வருகிறதே?

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலோடு ஊரையே கடல் கொண்டுபோனது. அதன் பிறகு குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இறந்தவர்களுக்காக அல்ல, கடலுக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். கரையோரம் எங்கே வாங்கினாலும் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் யாராவது இன்னும் இரண்டு பேயைச் சேர்த்துச் சொல்லுவார்கள்.

விற்ற குடும்பத்தார் அவ்வப்போது வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அனுமதிக்கலாமா?

பத்திரப்படி அவர்களுக்கு உரிமை எதுவுமில்லை. எனக்கு வீடு விற்றவர் ஆடி அமாவாசைக்கு அக்கினி தீர்த்தத்தில் தாயாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் வருவார். முதல் ஆண்டு வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் ஆண்டு என் மனைவி உள்ளே அழைத்தாள். தாயார் படுத்திருந்த அறையில் இப்போது என் மகனின் படிப்பு மேசை இருக்கிறது. அவர் நிலைப்படியில் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த அறையில் மேற்குச் சன்னலைச் சாத்தி வையுங்கள், மழை உள்ளே அடிக்கும்" என்றார். அடிக்கத்தான் செய்கிறது. போன ஐப்பசியில் கொக்கியை மாற்றினேன்.